ரன் அவுட்

காலை நாலரை. அங்கே எட்டு.
தலைஞாயிற்றில் கொசுவலைக்குள் நான்.
கிம்ஜேயில் பேருந்துக்குக் கிளம்பியபடி
திருமதி நோ மியோங்-ஹீ,
குன்சானில் துறைமுகச் சீருடையோடு தே-சிக்.
இன்றைய பாடம் ரன் அவுட்.

எங்கள் தெருவில் இதை விளக்க வேண்டியதே இல்லை.
கோட்டைத் தொட ஒரு சாண் இருக்க
ஸ்டம்ப் சாய்ந்தால்
மட்டையைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான்.
இவர்களுக்குக் கிரிக்கெட் தெரியாது.
தே-சிக் அகராதியைப் பார்த்துச் சொன்னார்:
ரன் என்றால் ஓடு, அவுட் என்றால் வெளியே.
அரிசி வெளியே ஓடியதா டீச்சர்,
எந்தக் கதவு வழியாக?

சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது,
காசு கொடுத்துக் கேட்கிற கேள்வி.

உங்கள் பேச்சில் எப்படி என்றேன்.
விழுந்துவிட்டது என்பார்களாம்.
அரிசி விழும், பணம் விழும்,
சோப்பு, மாத்திரை, காரில் பெட்ரோல்
எல்லாமே விழும்.
எங்கள் வீட்டில் அரிசி இல்லை என்று வாயால் சொல்ல மாட்டோம்,
நிறைஞ்சிருக்கு என்போம் என்றேன்.
காலியானதையா என்று கேட்டு
மியோங்-ஹீ நோட்டில் எழுதிக்கொண்டார்.
ஆங்கில வகுப்பில் இது எதற்கு, எனக்கே தெரியவில்லை.

பிறகு தண்ணீரை எடுத்தேன்.
வேறென்ன இருக்கிறது என்னிடம்.
திரையில் விரலால் ஒரு கோடு:
மேட்டூர், கல்லணை, வெண்ணாறு,
அதிலிருந்து பிரிந்து, அதிலிருந்தும் பிரிந்து
ஒரு கிளை வாய்க்கால்,
அதன் வாலில் எங்கள் மூன்று மா.
மதகு திறந்ததும் ஓடத் தொடங்குகிறது,
வழியில் மடைக்கு மடை நின்று கொடுத்துவிட்டு
எங்கள் வரப்புக்கு ஒரு சாண் இருக்க
நின்றுவிடுகிறது.
அதுதான் ரன் அவுட்.

கிரிக்கெட் தெரியாதவர்களிடம்
கிரிக்கெட்டைத்தான் சொல்லியிருக்கிறேன் என்பது
சொன்ன பிறகே உறைத்தது.
கிம்ஜேயும் நெல் ஊர்தானாம்,
மியோங்-ஹீ மெல்லத் தலையாட்டினார்.

தே-சிக் விடவில்லை.
புத்தகத்தில் ‘வி ரேன் அவுட் ஆஃப் வாட்டர்’ என்று இருக்கிறதே,
இங்கே ஓடியது தண்ணீர் இல்லை டீச்சர்,
நீங்கள்.

இலக்கணப்படி சரி.
ஆஃப் வந்து ஒட்டிக்கொண்டால் எழுவாய் மாறும்:
தீர்வது பொருள், ஓடுவது ஆள்.
பலகையில் எழுதிக் கீழே இரண்டு கோடு போட்டேன்.

ஒரு உதாரணம் சொல்லுங்கள் என்றார்.
அண்ணன் சேதுபதி திருப்பூர் பஸ் ஏறிய ஐப்பசி
நாக்கு வரைக்கும் வந்தது.

பெட்ரோல் என்று சொல்லி
வகுப்பை முடித்தேன்.