கீல்

புந்தா அரேனாஸில் காற்று முற்றிய நாட்களில்
தெருமுனைகளில் கயிறு கட்டிவிடுகிறார்கள்.
பிடித்துக்கொண்டு நடக்கிறோம்,
நீரிணையிலிருந்து ஏறிவரும் காற்றைத் திட்டியபடி.
கயிற்றை யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

பதினோரு வருடமாக நான் அறுவை அறைச் செவிலி.
கேட்கும் முன்னே கத்தி,
கை நீளும் முன்னே கத்தரி.
பொதியைப் பிரிக்குமுன் ஒட்டுநாடாவைப் பார்ப்பேன்.
வெளிறிய கோடுகள் கறுத்திருந்தால்
நீராவியில் வெந்து வந்திருக்கிறது.
கறுத்தேதான் இருக்கும்.
சீட்டின் மூலையில் நீல மையில்
ஃப்ரெ. ஓ.
உரித்து, நோயாளியின் ஏட்டில் ஒட்டுவேன்.
எத்தனை ஆயிரம் முறை ஒட்டியிருப்பேன்!
ஒருமுறையும் படித்ததில்லை.

ஏப்ரலில் படகுக்காரர் தான்கோவுக்குக்
குடல் முறுக்கு.
நடுநிசியில் தொடங்கி மூன்று மணி நேரம்.
பிழைத்தார்.
ஒன்பதாம் நாள் அவர் மகள்
கலஃபாத்தே பழம் வைத்த கேக்கோடு வந்தாள்.
அறுத்தவருக்கு ஒரு துண்டு,
மயக்கம் தந்தவருக்கு ஒரு துண்டு,
எனக்குக் கொஞ்சம் பெரியதாகவே.
பெட்டியில் ஒன்று மிஞ்சியது.
‘இது யாருக்கு?’ என்றாள்.
அப்போதுதான், சொல்ல வெட்கமாக இருக்கிறது,
அந்த நீல மை ஞாபகம் வந்தது.

மின்தூக்கியில் நிலவறைப் பொத்தான் மட்டும்
தேயாமல் இருந்தது.

ஃப்ரெசியா ஓயார்சுன்.
உருப்பெருக்கி விளக்கின் கீழ்
ஒரு கவ்வியைத் திறந்தாள், மூடினாள்,
மறுபடி திறந்து உற்றுப் பார்த்தாள்.
ஜன்னல் இல்லாத அறை.
இந்த ஊரிலேயே
காற்று வீசுவது தெரியாத ஓரிடம்.

கேக்கை நீட்டினேன்.
‘சிவப்புக் கோட்டுக்கு இந்தப் பக்கம்
தின்பண்டம் கூடாது.’
நன்றி சொல்ல வந்தேன் என்றேன்.
தான்கோவைப் பற்றிச் சொன்னேன்,
எழுந்து நடக்கிறார் என்பது வரை.
பொறுமையாகக் கேட்டுவிட்டு
‘தட்டு எண்?’ என்றாள்.
நாற்பத்தேழு.
‘ஓ, நாற்பத்தேழா!’
சண்டைக்கார மைத்துனனின் பெயரைக் கேட்டவள்போல்.

‘அதில் வளைந்த கவ்வி ஒன்று உண்டு.
மூடியபடியே அனுப்புகிறீர்கள்.
கீலுக்குள் இரத்தம் காய்ந்துவிடுகிறது,
காய்ந்தால் கல்.
ஊசித் தூரிகையால் நாற்பது நிமிடம்.
நீராவி எதையும் கொல்லும்,
அழுக்குக்குப் பின்னால் பதுங்கியதைத் தவிர.
திறந்து, நனைத்து அனுப்புங்கள்.
அது போதும்.’

கோபமே இல்லை.
முகவரி தெரியாமல் வெகுநாள் வைத்திருந்த கடிதத்தை
ஒருவழியாகத் தபாலில் போட்டவள்போல
விளக்குக்குத் திரும்பிவிட்டாள்.
அனுப்புவது யார்?
நான்தான்.

மாடிப்படியில் உட்கார்ந்து
கேக்கை நானே தின்றேன்.
நன்றாகவும் இருந்து தொலைத்தது.

இப்போதெல்லாம் கடைசித் தையல் விழுந்து
மற்றவர்கள் கையுறையை உருவும்போது
நான் நிற்கிறேன்.
கவ்வி கவ்வியாகத் திறக்கிறேன்,
ஈரத்துணி போர்த்துகிறேன்.
‘கீழே கழுவத்தானே போகிறார்கள்?’ என்கிறாள் ஏதெல்மிரா,
பேருந்துக்கு நேரமாகிறது அவளுக்கு.
‘ஆமாம், ஃப்ரெசியா கழுவுவாள்’ என்கிறேன்.
பெயரைச் சொன்னால்
கொஞ்ச நேரம் பேச்சு நின்றுபோகிறது.

போன வாரம் நாற்பத்தேழு வந்தது.
கறுத்த கோடுகள், அதே எழுத்து.
வேறொன்றும் எழுதியிருக்கவில்லை,
நான் திருப்பித் திருப்பித் தேடினேன் என்பது வேறு.
வளைந்த கவ்வி
ஒரு விரல் அழுத்தத்தில்
சத்தமே இல்லாமல் திறந்தது.

அன்று வீடு திரும்பும்போது
சதுக்கத்து முனையில் ஆளைத் தூக்கும் காற்று.
கயிற்றைப் பிடித்தேன்.
பிடித்தபடியே கம்பம் வரை போய்
முடிச்சைப் பார்த்தேன்.
இரண்டு சுற்று, ஓர் இழுப்பு,
நுனி மடக்கிச் செருகியிருந்தது.
கையுறையோடு கட்டியிருக்க முடியாது.

அசைத்துப் பார்த்தேன்.
பிடித்திருந்தது.