ஐம்பது கிராம் வரை

ஹைனூஃப்கா தபால் நிலையத்தில்
பிறர் எழுதியதை நிறுத்துப் பார்ப்பது என் வேலை.
வெளிநாட்டுக் கடிதம் ஐம்பது கிராம் வரை ஒரு விலை,
அதற்கு மேல் வேறு.
ராத்திரி நான் போனில் எழுதுவதற்கு
எடையில்லை, தபால்தலையில்லை.
முகவரிகூட வேண்டாம்,
எல்லோருக்கும் போய்விடும்.

தேர்தலுக்கு முந்தைய ஞாயிறு
பங்குத்தந்தை விட்டோல்ட் எந்தக் கட்சியின் பெயரையும் சொல்லவில்லை.
சொல்லாத பெயருக்கு
முன் வரிசை தலையாட்டியது.
பின் வரிசையில் ஒருவர் எழுந்து போனார்,
கதவை மெல்லத்தான் சாத்தினார்,
ஆனாலும் எல்லோரும் திரும்பிப் பார்த்தோம்.

அன்றிரவு பதினோரு வரி எழுதி
ஒன்பதை அழித்தேன்.
மிஞ்சியது:
எதிர்பாராத விருந்தாளிக்கென்று
கிறிஸ்துமஸ் இரவில் வெறும் தட்டு வைக்கிறோம்.
அவன் காட்டுவழியே நனைந்து வந்தால் கம்பிவேலி வைக்கிறோம்.

காலையில் ஆறாயிரம் பேர் பகிர்ந்திருந்தார்கள்.
எண்ணிக்கொண்டே நின்றதில்
அடுப்பில் பால் பொங்கி வழிந்தது.
துரோகி என்றார்கள், மாஸ்கோவின் கூலி என்றார்கள்,
கடவுள் உன்னைக் கவனிப்பார் என்று
ரோஜாப்பூப் படத்தோடு ஒருத்தி.
இதெல்லாம் உறைக்கவில்லை.
ஊர் வாயை மூட உலைமூடி இல்லை,
என் வாய்க்கும்தான் இல்லை.

உறைத்தது ஒன்று:
"நீ எத்தனை தட்டு வைத்தாய்?"
எழுதியவள் என் அக்கா ஹல்ஷ்கா.
அவள் கணவன் லேஷெக்
அந்த வேலியோரம்தான் இரவுக் காவல்.
பதில் தட்டுவதற்குள் என்னைத் தடுத்துவிட்டாள்.

நான் அந்தக் காட்டுக்குள் போயிருக்கிறேன்.
காளான் பறிக்க.

அவள் வீட்டில் கை நனைத்து ஒரு வருஷமாயிற்று.
அம்மா அழுததால் டிசம்பரில் போனேன்.
மேசையில் ஒரு தட்டு அதிகம்,
வழக்கம்போல், துடைத்து.
இனி அப்பத்தைப் பிட்டாக வேண்டும்:
என் கையிலிருப்பதில் அவள் கிள்ள,
அவள் கையிலிருப்பதில் நான் கிள்ள,
முகத்தைப் பார்த்து வாழ்த்துச் சொல்லவேண்டும்.
உப்பில்லாத, காகிதம்போல் மெல்லிய அப்பம்.
ஆறாயிரம் பேருக்கு எழுதியவளுக்கு
ஒருத்திக்குச் சொல்ல வாயில் ஈரமில்லை.
"உடம்பு நல்லா இருக்கட்டும்."
"உனக்கும்."
அவ்வளவுதான். அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை,
நான் தாழ்த்தினேன்.

கை கழுவப் போன இடத்தில்
ஹீட்டர்மேல் ஒரு ஜோடி ஷூ.
சிறுசு, ஐந்தாறு வயதுக்கால்.
இடதின் அடிப்பாகம் பிளந்து,
ஈரம் இழுக்க உள்ளே காகிதம் திணித்து.
திணித்திருந்தது
அவர்களுடைய கட்சியின் துண்டறிக்கை,
வேட்பாளரின் பாதிச் சிரிப்பு வெளியே தெரிந்தது.

அவர்களுக்குக் குழந்தை கிடையாது.

கையில் எடுத்தேன். தொழில் புத்தி.
இருநூறு கிராம் இருக்கும், ஈரத்தோடு.
வாசலில் ஹல்ஷ்கா நின்றிருந்தாள்.
எவ்வளவு நேரமாக என்று தெரியாது.
"பீட்ரூட் சூப் ஆறுது, வா" என்றாள்.
நான் கேட்கவில்லை. லேஷெக்குக்குத் தெரியுமா என்றும்,
எங்கே அந்தப் பிள்ளை என்றும்,
யாருக்கு ஓட்டுப் போட்டாய் என்றும்கூட.

திரும்பும் பஸ்ஸில் போன் சூடாகும்வரை எழுதினேன்.
நல்ல வரிகள். பத்தாயிரம் பேராவது பகிர்வார்கள்.
மூன்றாம் நிறுத்தத்தில் அழித்தேன்.

இப்போது எழுதிவிட்டேன், பார்த்தீர்களா.
அதனால் சொல்கிறேன்:
அவள் பெயர் ஹல்ஷ்கா இல்லை,
ஊர் ஹைனூஃப்கா இல்லை.
ஷூவின் எடையையும்
மாற்றித்தான் போட்டிருக்கிறேன்.