காது தெரியவேணும்

உவர்மலை இறக்கத்தில் பிரேக்கை நம்புவேன்,
கச்சானை நம்பமாட்டேன்.
ஆனி பிறந்தால் அது
கடலுக்குப் போகிற அவசரத்திலும்
றோட்டில் போகிற எல்லாரின் தலையையும்
ஒருக்கா கலைத்துப் பார்த்துவிட்டுத்தான் போகும்.

ஹெல்மெட்டில் ஒன்பது ஓட்டை.
காற்றோட்டத்துக்காம், கடைக்காரன் சொன்னான்.
கழற்றினால்
ஒன்பது இடத்தில் முடி எழும்பி நிற்கும்.
மற்ற இடமெல்லாம் மாடு படுத்தெழும்பின புல்.

கொண்டை போட்டால் ஹெல்மெட் இறங்காது.
உயர்த்திக் கட்டினால் பின்பக்கம் முட்டி
முகம் நிலத்தைப் பார்க்கும்.
கடைசியில் ஒற்றைப் பின்னல்,
காதுக்குக் கீழே, தளர்வாக,
நுனியைக் கொலருக்குள் செருகி.
எண்ணெய் இரவில் மட்டும்.
உச்சிக்கும் ஹெல்மெட்டுக்கும் நடுவில்
அத்தானின் பழைய பருத்தி லேஞ்சி.
இவ்வளவும் பிடிபட ஒரு வருசம் எடுத்தது;
சைக்கிள் பழக மூன்று நாள்தான்.

"சைக்கிளுக்கும் ஹெல்மெட்டோ?"
மீன் சந்தையடியில் ஒருவர் ஒவ்வொரு நாளும் கேட்பார்.
ஒவ்வொரு நாளும் சிரித்துவிட்டுப் போவேன்.

கோட்டை வாசலில் குறுக்கே பாய்ந்த மானுக்கு
ஒன்றும் நடக்கவில்லை.
சிதறிக் கிடந்த என் சாப்பாட்டுப் பார்சலை
நின்று முகர்ந்துவிட்டுப் போனதாம்.
எனக்கு ஐந்து தையல்.
இடது உச்சியில் இரண்டு விரலகலம் வழித்தெடுத்தார்கள்.
அங்கே வளர்ந்தது இன்னும் படியவில்லை,
விசாரணைக்குப் பெயர் கூப்பிட்ட மாதிரி
எழும்பி நிற்கிறது.

வேலை மத்திய வீதி ஸ்டூடியோவில்.
அடையாள அட்டை, பாஸ்போர்ட்,
தரகரிடம் கொடுக்கிற கலியாணப் படம்.
சொல்லிச் சொல்லித் தேய்ந்த வசனம் ஒன்று உண்டு:
"காது தெரியவேணும், முடியை ஒதுக்குங்கோ, சிரிக்கவேண்டாம்."
சுவரில் கண்ணாடி. பக்கத்தில்
நூலில் கட்டின சீப்பு.
(கட்டாமல் வைத்ததில் நாலு சீப்புப் போய்விட்டது.)
பொஸ்கோ அண்ணை ஷட்டரைத் தூக்கிய கையோடு
அந்தக் கண்ணாடிக்கு முதல் ஆள் நான்.
குனிந்து, தலையைத் தொங்கவிட்டு,
ஈரவிரலால் வேரை மட்டும் தொட்டு,
நிமிர்ந்து, உலுப்பி,
பிறகுதான் சீப்பு.
நெற்றிக் கோடு மட்டும் பத்து மணிவரை போகாது.

நேற்று ஒருவர் வந்தார்.
சீனக்குடா மாவாலையில் இரவு வேலை முடிந்து நேரே,
மஞ்சள் தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு.
தலையைச் சுற்றி ஒரு பள்ளம்,
கயிறு கட்டி அவிழ்த்த மாதிரி.
காதோரத்தில் மாவோ, நரையோ.
சீப்பை எடுத்து இழுத்தார், இழுத்தார்,
நூல் அறுகிற அளவுக்கு.
பள்ளம் அசையவில்லை.
"இண்டைக்கே வேணும் தங்கச்சி,
கட்டார் ஏஜென்சிக்காரன் பன்னெண்டுக்குப் பூட்டிருவான்."

வசனத்தைச் சொல்ல வாய் வரவில்லை.
"சீப்பை வையுங்கோ," என்றேன்.
"குனிஞ்சு தலையைத் தொங்கவிடுங்கோ."
அவர் என் நெற்றியைப் பார்த்தார்.
பத்தாகவில்லை, கோடு இருந்திருக்கும்.
மறுபேச்சில்லாமல் குனிந்தார்
றஸீன், வயது நாற்பத்தாறு,
ஸ்டூடியோ நடுவில்,
விழுந்த சில்லறையைத் தேடுகிறவர் மாதிரி.
என் தண்ணீர்ப் போத்தலைச் சரித்து
அவர் விரலில் ஊற்றினேன்.
நிமிர்ந்தார். உலுப்பினார்.
நீலத் திரையில் துளி தெறித்தது.
பொஸ்கோ அண்ணை ஏசவில்லை,
தொண்டையைச் செருமினார், அவ்வளவுதான்.

படத்தில் காது இரண்டும் தெரிந்தன.
முடி படிந்திருந்தது,
பின்பக்கத்து ஒரு கற்றை தவிர;
அதைக் கமரா கேட்கவில்லை.

வாசலில் கச்சான் நின்றது.
தொப்பியைத் தலைவரை கொண்டுபோனவர்
நிறுத்தி, யோசித்து,
ஹாண்டிலில் கொழுவிவிட்டு,
ஒரு கையால் தலையைப் பொத்தியபடி
சைக்கிளை மிதித்தார்.

"மான் பாயும், கவனம்!" என்று கத்தினேன்.
காது தெரிந்தது.
கேட்டதோ தெரியாது.