நாலு எம்.எம். ஒயர்

குண்டடம் ரோட்டுல எறங்கி
மூணாவது காத்தாடி நிக்கிற காடுன்னு
போன்ல வழி சொன்னாங்க வசந்தாமணியக்கா.
போய்ப் பாத்தா காடெல்லாம் காத்தாடி.
எண்ணிக்கிட்டே வண்டி ஓட்டுனேன்.
ஆனிக் காத்து
ஹெல்மெட்டப் புடிச்சுத் திருகுச்சு.

"அடுப்பு மொத்தமும் கரண்டுக்கு மாத்தோணுங்க.
சுடுதண்ணியும்."

சரிங்கன்னு லோடு எழுதுனேன்.
ஸ்டவ் ரெண்டு கிலோவாட், கீசர் ரெண்டு,
அப்பறம் மோட்டார், கிரைண்டர், பிரிட்ஜ்.
கூட்டுனா ஆறத் தாண்டுது.
மீட்டருக்கு எழுதிக் குடுத்திருக்கறது ரெண்டு.
செவுத்துக்குள்ள கெடந்த ஒயர் ஒண்ணரை எம்.எம்.,
தொட்டதும் மேல்தோல் உதிருது.
"இதுல ஸ்டவ்வ வெச்சா
சோறு வேகறதுக்கு முன்னாடி செவுரு வெந்துருமுங்க" ன்னேன்.
அக்கா சிரிக்கல.

பழைய ஸ்பீக்கர்ல கழட்டுன காந்தம் ஒண்ணு
எப்பவும் எங்கிட்ட இருக்கும்.
பாத்திரத்தையெல்லாம் கவுத்து வெச்சு ஒட்டிப் பாத்தோம்.
சீர்ல வந்த பித்தளை: ஒட்டல.
அலுமினிய வடச்சட்டி: ஒட்டல.
நோம்பிக்கு ஆக்குற பெரிய குண்டா,
அதுவும் இல்ல.
தோசைக்கல்லு மட்டும்
டப்புன்னு கவ்விக்கிச்சு.
"போச்சாது" ன்னு ஒதுக்கி வெச்சாங்க,
புதுசா வாங்குன குக்கர் பக்கத்துல.

டீ வெச்சாங்க.
பால் அடிப்புடிக்கிற வாசம்
எனக்கு ஹால் வரைக்கும் வந்துச்சு.
அடுப்புக்கிட்டயே நின்ன அவங்க
கதவுக்கு வெளிய பாத்துக்கிட்டு நின்னாங்க.
"அக்கா, பாலு" ன்னேன்.

"காய்ச்சல் வந்துச்சுங்க ரெண்டு வருசம் முன்ன.
காய்ச்சல் போயிருச்சு.
மூக்கும் கூடவே போயிருச்சு."

மாசி மாசம். வூட்டுக்காரர் வெள்ளகோயில் மில்லுல நைட் ஷிப்ட்.
ராத்திரியெல்லாம் டியூப்பு ஒழுகியிருக்கு.
விடியக்காலம் எந்திரிச்சு
லைட்டப் போடக் கை நீட்டுன நேரத்துல
பால்காரர் குமாரவேலு வாசல்லயிருந்து கத்துனாராம்:
போடாதீங்க, போடாதீங்க.

அந்த சுவிட்சத்தான்
அப்ப நான் கழட்டிக்கிட்டிருந்தேன்.
உள்ள தகடு
பொறி பட்டுப் பட்டுக் கருத்திருந்துச்சு.
அதக் கொஞ்ச நேரம் கையில வெச்சிருந்தேன்.
அவங்ககிட்டக் காட்டல.

அப்பறம் நாலு எம்.எம். இழுத்தேன்.
எர்த்துக் குழிக்கு உப்புப் போட்டு, கரி போட்டு,
ரெண்டு கொடம் தண்ணி ஊத்துனேன்.
வெறகடுப்புக் காலத்துக் கரி அரை மூட்டை
மாட்டுச்சாளையில கெடந்துச்சு.
அதுக்கும் ஒரு வேலை வந்துச்சு.

சாயங்காலம் அரிசியும்பருப்பு வெச்சாங்க.
குனிஞ்சு குக்கருக்கு அடியில தீயத் தேடுனாங்க,
தேடிட்டு அவங்களே நிமுந்துக்கிட்டாங்க.
எட்டுல வெச்சேன்.
கடுகு வெடிக்கறதக் காதக் குடுத்துக் கேட்டாங்க.
காத்தாடி ரெக்கையோட நெழலு
செவுத்துல வருது, போகுது, வருது.
மொத விசில் வர்ற நேரம்
பொசுக்குன்னு கரண்டு போச்சு.

வெளிய அது பாட்டுக்குச் சுத்துது.
"காத்தாடியும் நம்ம காட்டுலதான் நிக்குது,
கரண்டும் நம்மூட்டுலதான் நிக்குது" ன்னு
அப்பத்தான் சிரிச்சாங்க.
முருங்கைக்கு அடியில சிலிண்டர் நின்னுச்சு.
அந்தப் பக்கம் நாங்க ரெண்டு பேரும் பாக்கல.

இருவது நிமிசம் கழிச்சு ஸ்டவ் கீச்சுன்னுச்சு.
அப்பறம் மூணு விசில். ஆவி அடங்குனதும் மூடியத் தொறந்து
"வாசம் எப்படீங்க?" ன்னாங்க.
குனிஞ்சு ஒண்ணொண்ணாச் சொன்னேன்:
சீரகம். சின்ன வெங்காயம். பூண்டு தூக்கலா.
கறிவேப்பிலை கொஞ்சம் கருகிருச்சுங்க.
லோடு எழுதுன மாதிரியே
தலையாட்டிக் கணக்கு வெச்சுக்கிட்டாங்க.

கூலியோட நூறு ரூவா சேத்துக் குடுத்தாங்க.
எதுக்குங்கன்னேன்.
"மூக்குக்கு."

ஈபி ஆபீசுல மனு குடுத்தாச்சு,
லோடு ஏத்தித் தர நாளாகும்.
அதுவரைக்கும்
கீசரும் ஸ்டவ்வும் ஒரே நேரத்துல போடக்கூடாதுன்னு
புது சுவிட்சுக்கு மேல
பென்சில்ல எழுதிட்டு வந்தேன்.