பட்டியலின்படி இருள்

ஏழரைக்கு நான்தான் இழுத்தேன்.
பட்டியலில் எங்கள் பக்கத்துக்கு
ஏழரை முதல் பத்தரை.
உப்புவெளி போனது, சாம்பல்தீவு போனது,
கடைசியாக நிலாவெளி.
பதிவேட்டில் நேரம் எழுதிக் கையெழுத்து வைத்துவிட்டு
சைக்கிளை எடுத்தேன்.
பெற்றோல் இல்லாத பங்குனி.
கரியரில் முக்காலி, தோளில் கமரா,
பைக்குள் மோட்டார் சைக்கிளின் பற்றரி.
ஓடாத வண்டி
நட்சத்திரத்தையாவது இழுக்கட்டும்.

துருவ நட்சத்திரம் எங்களுக்கு
ஒன்பது பாகைகூட உயரமில்லை.
இரண்டு பனைகளுக்கு நடுவே, உப்புப் புகாரில்,
இருக்கிறதா இல்லையா என்று கெஞ்ச வைக்கும்.
அன்று கூப்பிடாமலே நின்றது.
அச்சைப் பூட்டிவிட்டுத் தெற்கே திரும்பினேன்.

கரீனா நெபுலா எப்போதும்
ஊருக்கு மேலேதான் வரும்.
மாவு ஆலை, துறைமுக விளக்குகள், கடற்படை முகாம்,
அந்தச் செம்மஞ்சள் குழம்புக்குள்ளிருந்து
எத்தனை வருடம் அதைக் கிள்ளி எடுத்திருக்கிறேன்!
அன்று தெற்கு என்ற திசையையே
புதிதாக வெட்டித் திறந்த மாதிரி.
கடலிலும் ஒரு லாம்பு இல்லை.
மண்ணெண்ணெய் வரிசையில்
யூட்டின் கான் மூன்று நாளாய் நிற்கிறது,
கயிற்றில் கோத்து, பெயின்றால் பெயர் எழுதி,
யூட்டுக்குப் பதிலாக.
அவன் வள்ளம் மணலில் கவிழ்ந்து கிடந்தது.
அதன் முதுகில்தான் என் தேத்தண்ணிப் போத்தல்.

இரண்டு நிமிடம் ஒரு பிரேம்.
ஷட்டர் திறந்திருக்கையில்
மூச்சையும் மெல்லத்தான் விடுவேன்.
எண்ணாயிரம் வருடம் நடந்து வந்த வெளிச்சத்துக்காக
இரண்டு நிமிடம் பொறுக்கக் கூடாதா?
வீடுகளில் பொறுக்கவில்லை.
கொப்பியால் விசிறும் சத்தம்,
நுளம்பை அறையும் சத்தம்,
யாரோ ஒரு பிள்ளை அழுதழுது ஓய்ந்தது.

நாற்பத்தோராவது பிரேம் முழுக்க வெள்ளை.
போன் லைற்றை நேரே லென்சுக்குள் அடித்துக்கொண்டு
வந்து நின்றார் றசீனா ரீச்சர்.
"தம்பி, நீங்க கரண்ட் கந்தோர்தானே?
எப்ப வரும்?"
"பத்தரைக்கு ரீச்சர்."
"அப்ப இஞ்ச என்ன செய்யுறீங்க?"
காட்டினேன்.
வெறுங்கண்ணுக்கு அது
விரலால் அழித்த சோக்குத் தூசி.
"இதுக்கா?" என்றார். போய்விட்டார்.

ஐம்பத்தெட்டில் இர்பான் ஏற்றிவிட்டான்.
கோல் விழுந்த மைதானம்போல
ஊர் ஓவென்று கத்தியது.
நானும் கத்தினேனா? ஞாபகமில்லை.
மூடியைப் போட்டு இருபது இருட்டுப் படம் எடுத்தேன்,
அதே வெக்கை, அதே இரண்டு நிமிடம்.
கமரா தன்பாட்டில் புழுங்குவதை
அளந்து கழிப்பதற்கு.
வீடுகள் புழுங்கியதற்கு
அப்படி ஒரு மூடி இல்லை.

அடுக்கினேன். நாற்பத்தொன்றை எறிந்தேன்,
ஐம்பத்தெட்டுக்குப் பிறகு எல்லாம் எறிந்தேன்.
வளைவை மெல்ல மெல்ல மேலே இழுக்க
கறுப்புக்குள்ளிருந்து சிவப்பு,
பச்சைப் புண்போல, விளிம்பு விளிம்பாக.
பின்னணி துடைத்த சிலேற்று.
கொழும்பிலிருந்து ஒருவர் எழுதிக் கேட்டார்:
ஊர் வெளிச்சத்தை எப்படி அகற்றினீர்கள்,
என்ன மென்பொருள்?
தட்டினேன், அழித்தேன்.
திரும்பவும் தட்டினேன்.
நன்றி என்று மட்டும் அனுப்பினேன்.

இப்போது கரண்ட் ஒழுங்கு.
எந்தப் படத்திலும் இடது கீழ் மூலையில்
பச்சை கலந்த ஒரு வெள்ளைக் கறை.
அது யூட்.
ஒவ்வொரு அமாவாசையும்
புள்ளி வைத்துப் புள்ளி வைத்து அவனைக் கழிக்கிறேன்,
அரைமணி நேர வேலை.
கண்ணைக் கசக்கிக்கொண்டு ஜன்னலைத் திறந்தால்
அங்கேதான் நிற்கிறான்,
கணவாய்க்கு.