பன்னிரண்டாவது நாள்

நான்காம் பக்கத்தில் ஒரு கட்டம்.
தீப்பெட்டி அளவுகூட இல்லை.
சுவிசுக்கு வெளியே வேலை செய்த நாட்கள் எத்தனை?
முழு எண்ணில் எழுதவும்.
அரை நாள் என்று ஒன்று கிடையாதாம்,
அடிக்குறிப்பு கறார்.

பாசலில் ஞாயிற்றுக்கிழமை.
இன்றைக்குப் போத்தல் எறியக்கூடாதென்று
கீழ்வீட்டு ஹெர் ட்ஷுடி ஒட்டிய தாள்
லிஃப்ட்டுக்குள் இன்னும் இருக்கிறது.
மேசையில் ரயில் ரசீதுகள்,
கைபேசிக் கம்பனி அனுப்பிய மாசி மாதக் கணக்கு,
ஆறின தேத்தண்ணி.

நான் ஒன்றும் ஒளித்துப் போகவில்லை.
முலூஸில் தங்கச்சி.
முப்பத்தோராம் கிழமை,
கட்டிலால் எழும்பக்கூடாது என்றுவிட்டார்கள்.
அவள் புருஷன் கஜீபன் லொறியோடு
ஸ்பெயினில் தோடம்பழம் ஏற்றிக்கொண்டு நின்றான்.
"இணையம் இருந்தால் சரி" என்றார் என் மேலாளர் ரெத்தோ,
கட்டைவிரல் படம் ஒன்றும் போட்டார்.
எந்த நாட்டு இணையம் என்று
அவரும் கேட்கவில்லை,
நானும் சொல்லவில்லை.

எல்லை என்று அங்கே ஒன்றும் தெரியாது.
ஒரு வேலி, ஒரு கோவாத் தோட்டம்,
வேலிக்கு அங்காலும் கோவாதான்.
கைபேசிக்குத்தான் முதலில் தெரியும்:
பிரான்சுக்கு நல்வரவு.
உடுப்பு எடுக்க வீட்டுக்கு ஓடிவந்தால்,
மீண்டும் நல்வரவு.
அந்த நல்வரவுகளை எண்ணித்தான்
இப்போது நாட்களைப் பிடிக்கிறேன்.

திங்கள், அவளுக்குக் கஞ்சி, எனக்கு மூன்று கூட்டம்.
செவ்வாய், கமெராவை மூடிவிட்டு
வீங்கின கால்களைப் பிடித்துவிட்டபடி
மூன்றாம் காலாண்டு விற்பனை பற்றிக் கதைத்தேன்.
பிறகு எல்லாம் ஒரே மாதிரி.
பதினொரு நாள் சுலபமாக வந்துவிட்டது.

பிரச்சினை பதினேழாம் திகதி.

விடிய மூன்று மணிக்கு வலி.
ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் மூன்று கதிரை,
இரண்டு உடைந்தது.
ஒன்பதேகாலுக்கு ஒஸ்லோவிலிருந்து ஒருவர்
கோப்பு திறக்குதில்லை என்று எழுதினார்.
என் ஒரு கையில் அவளுடைய செருப்பு,
மற்றக் கையில் கைபேசி.
'இரண்டாவது இணைப்பை அழுத்திப் பாருங்கள்.'
நாலு சொல்.
அனுப்பினேன்.
கதவு திறந்தது.
இரண்டு பேர் ஒரு கண்ணாடிப் பெட்டியைத்
தள்ளிக்கொண்டு ஓடினார்கள்.
உள்ளே ஊதா நிறத்தில் ஏதோ,
ஆயிரத்து அறுநூற்று நாற்பது கிராம் என்று பிறகு சொன்னார்கள்.
ஒஸ்லோக்காரர் நன்றி எழுதியிருந்தார்.

வெள்ளிக்கிழமை வரி அலுவலகத்துக்கு அடித்தேன்.
ஃப்ராவ் ஷௌப்லின் பொறுமைசாலி.
அன்றைக்குச் சம்பளம் வந்ததா?
வந்தது.
எங்கே நின்றீர்கள்?
தாழ்வாரத்தில்.
எந்த நாட்டுத் தாழ்வாரம்?
சொன்னேன்.
அப்படியென்றால் வேலைநாள் மாதிரித்தான் இருக்கிறது,
நீங்கள்தான் முடிவெடுக்க வேண்டும்,
பிரான்சுக்காரரும் கேட்கக்கூடும் என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது.
அப்பா தொண்ணூற்றொன்றில் இங்கே வந்து இறங்கியபோது
முதலில் கால் வைத்த மண் எது,
அங்கே எத்தனை நாள், இங்கே எத்தனை நாள் என்று
ஆறு மாதம் கேட்டார்கள்.
அவருடைய நாட்களை
அந்தப் பக்கம் இந்தப் பக்கமும்
இந்தப் பக்கம் அந்தப் பக்கமும் தள்ளிவிட்டது.
அவர் மகளின் ஒரு காலைநேரத்துக்கு
இன்றைக்கு இரண்டு அரசாங்கம் உரித்துக் கேட்குமாம்.

பதினொன்று என்று எழுதினேன்.
பொய்யில்லை.
நாலு சொல்லை யார் வேலை என்பார்கள்?

தேத்தண்ணியைச் சூடாக்கினேன், குடிக்கவில்லை.
குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் பிரதி
ரயில் ரசீதுகளோடு கலந்து கிடந்தது.
தாயின் பெயர், தகப்பனின் பெயர்,
ஒன்பது மணி பதினெட்டு நிமிடம்,
யாரோ ஒருவரின் கிறுக்கல்.
பெரியம்மாவுக்கு அதில் வரி இல்லை.
அந்தக் கதவுக்கு வெளியே
செருப்போடு ஒருத்தி நின்றாளா என்று
வேறு எந்தக் கடதாசியும் கேட்கவில்லை.

வெள்ளை மை பூசி,
பன்னிரண்டு.

காயட்டும் என்று ஊதினேன்.
கீழே யாரோ போத்தல் எறிகிற சத்தம்,
பின்னாலேயே
ஹெர் ட்ஷுடியின் கதவு திறக்கிற சத்தம்.