எட்டாம் சுற்றில் வருகிறவள்

மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை
வாட்டர்லூ எங்கள் சாப்பாட்டு மேசைக்கு வந்துவிடும்.
நிஜமான வாட்டர்லூ காரில் கால்மணி நேரம்தான்,
அங்கே வண்டி நிறுத்தக் காசு கேட்கிறார்கள்.

நீலக் காய்கள் கிஸ்லேனுக்கு.
பேரரசரே வந்தாலும்
என் புருஷன் அளவுக்கு விறைப்பாய் உட்காரமாட்டார்.
சிவப்பு எனக்கு. மேட்டில் நிற்பது, அடி வாங்குவது,
நகராமல் இருப்பது: என் சுபாவத்துக்கு ஏற்ற சேனை.
பக்கத்து வயல்காரி ஒடில் நடுவர்.
விதிப்புத்தகத்தோடு அவளுக்குள்ள வழக்கு இன்னும் முடியவில்லை.
'இரவு மழை: பீரங்கி ஒரு கட்டம் மட்டும் நகரலாம்'
என்று அச்சடித்திருக்கிறது.
"ஒரு கட்டமா? அந்த மண்ணில் என் டிராக்டர்
மூன்று நாள் புதைந்து கிடந்தது.
எழுதினவன் பூட்ஸில் சேறு பட்டதே இல்லை."
ஓரத்தில் பென்சிலால் பூஜ்யம் போட்டு வைத்திருக்கிறாள்.

கறுப்புக் காய்கள் ஆனெலோருக்கு.
பிரஷ்யப் படை எட்டாம் சுற்றில்தான்
கிழக்கு ஓரத்தில் நுழையும்.
அதனால்தான் அவளுக்குக் கொடுத்தோம்:
லியேஜ் மருத்துவமனையில் ஷிஃப்ட் முடித்து
வந்து சேர ஒன்பதாகிவிடும்.
கோட்டைக் கழற்றுமுன் "எத்தனையாம் சுற்று?" என்பாள்.
"ஏழு."
"அப்போ உருளைக்கிழங்கு நான் பொரிக்கிறேன்."
எண்ணெய்க் கையோடு நகர்த்தி நகர்த்தி
ஒரு குதிரைப்படை முழுக்க மினுமினுத்துக் கிடக்கிறது,
பதினோரு வருஷமாக.

என் தம்பியைக் கட்டிக்கொண்டு வந்தவள்.
மார்ச்சில் கையெழுத்துப் போட்டுப் பிரிந்தார்கள்.
வீடு அவனுக்கு, நாய் அவளுக்கு, கார் கடனுக்கு.
நாங்கள் யாருக்கென்று எந்தத் தாளிலும் எழுதவில்லை.

அந்த மாதக் கடைசிச் சனிக்கிழமை
கூப்பிடலாமா என்று கிஸ்லேன் கேட்கவில்லை,
நானும் கேட்கவில்லை.
கறுப்பையும் அடுக்கினேன், பெட்டி மூடிமேல் வரிசையாக.

பகடை அன்று அவன் பக்கம்.
பண்ணைவீட்டுக் கட்டம் ஐந்தாம் சுற்றிலேயே விழுந்தது.
என் டச்சுப் படையணி ஒன்று முன்பே காணாமல் போனது
(வாக்குவம் கிளீனர் பையைக் கிழித்தும் கிடைக்கவில்லை.
அதன் இடத்தில் ஒரு சட்டைப் பொத்தான் போரிடுகிறது).
எட்டாம் சுற்று வந்தது.
கிஸ்லேன் பகடையைக் கைக்குள் வைத்துக்கொண்டே இருந்தான்.
கூட்டாளி என்ற முறையில்
கறுப்பை நான் உள்ளே கொண்டுவந்திருக்கலாம்.
ஒடில் புத்தகத்தைப் புரட்டினாள்,
வராத ஆளுக்கு விதி இல்லை.
"மண் ஈரம்," என்றாள் கடைசியில்.
"வழியில் சிக்கியிருக்கும்."

ஆட்டத்தைக் கலைக்கவில்லை.
நாற்காலி முதுகுகளில் முட்டுக்கொடுத்துப்
படுக்கைவிரிப்பைப் போர்த்தினோம்.
கூதிர்ப்பாசறை போல் கிடந்தது ஏப்ரல் முழுக்க.
நாங்கள் சமையலறையில் நின்றபடி சாப்பிட்டோம்.
ஒருநாள் நடுராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தவள்
விரிப்பைத் தூக்கிப் பார்த்தேன்.
ஒருத்தரும் ஓடிப்போகவில்லை.
பொத்தான்கூட அதே மேட்டில்.

அவர்கள் வந்தார்கள் என்று
இருநூறு வருஷமாய் எல்லோருக்கும் தெரியும்.
மேட்டில் நின்றவர்களுக்கு
அன்று மத்தியானம் தெரியாது.
இதை நான் வெறுமனே படித்துத்தான் வைத்திருந்தேன்.

ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமை, ஒன்பதே கால்.
வெளியே கார் கதவு சாத்துகிற சத்தம்.
நாய் முதலில் நுழைந்து
நேரே மேசைக்கடியில் போய்ப் படுத்தது.
அவள் வாசலிலேயே நின்று பூட்ஸைத் துடைத்தாள்,
தேவைக்கு அதிகமாகத் துடைத்தாள்.
"எத்தனையாம் சுற்று?"
"எட்டு," என்றான் கிஸ்லேன். "ஒரு மாதமாக எட்டு."

கோட்டோடு நின்றபடியே கறுப்புக் காய் ஒன்றை
கிழக்கு ஓரத்தில் வைத்தாள்.
விரல் நடுங்கியதா, தெரியாது.
உருளைக்கிழங்கு நறுக்க நான் எழுந்து போய்விட்டேன்.

ஒன்றும் இரண்டுமாகவே விழுந்தது அவளுக்குப் பகடை.
பன்னிரண்டாம் சுற்றில் மேடு போயிற்று, பொத்தான் போயிற்று,
பேரரசர் பிரஸ்ஸல்ஸ் சாலையில் ஏறிவிட்டார்.
ஆனெலோர் என் தட்டிலிருந்து எடுத்துத் தின்றபடி சிரித்தாள்.
ஒடில் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.
"பீரங்கியோடா?" என்றாள். "அந்தச் சேற்றிலா?"